டைம்ஷேர் மெம்பர்ஷிப் வாங்கலாமா? சேலத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

சேலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஜூலை மாதம் வருமான வரிப் படிவத்துக்காகப் பைலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் யாராவது ஒருவர், "அக்கா, இந்த ரிசார்ட் மெம்பர்ஷிப் ரசீதும் இருக்கு, இதுக்கு ஏதாவது கிடைக்குமா?" என்று நீட்டாமல் இருப்பதில்லை. அப்புறம் பேச்சு வளரும். சொந்தக்காரர்களும் கேட்பார்கள். நானும் 2011-ல் 25 வருஷ மெம்பர்ஷிப் ஒன்று வாங்கியவள் என்பதால், தெரிந்ததையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு யாராவது ஒருவர் இதைப் படித்தால் எனக்கு நிம்மதி.

டைம்ஷேர் என்று எதை விற்கிறார்கள்?

ஒரு நிறுவனத்தின் ரிசார்ட்டுகளில் வருஷத்துக்கு இத்தனை இரவு தங்கிக்கொள்ளும் உரிமையை விற்கிறார்கள். பெரும்பாலும் ஏழு இரவு, 25 வருஷம். சில பழைய திட்டங்களில் 99 வருஷம்கூட உண்டு. நிலமோ கட்டடமோ உங்கள் பெயருக்கு வருவதில்லை. பத்திரப் பதிவு இல்லை, பட்டா இல்லை. கையில் கிடைப்பது ஓர் ஒப்பந்தமும் உறுப்பினர் எண்ணும்தான்.

1960-களில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் தொடங்கிய முறை இது. வருஷத்துக்கு ஒரு வாரம் தங்குவதற்காக யாரும் மலையில் வீடு கட்ட வேண்டாம், ஐம்பது குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டை வாரக் கணக்கில் பிரித்துக்கொள்ளலாம் என்பதுதான் அடிப்படை. யோசனை நல்ல யோசனைதான். நம் நாட்டில் ஸ்டெர்லிங் நிறுவனம் 1986-லும் கிளப் மஹிந்திரா 1996-லும் தொடங்கின. ஸ்டெர்லிங்குக்கு ஏற்காட்டிலேயே ரிசார்ட் இருக்கிறது. அதனாலேயே இந்த விஷயம் சேலத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி ஆகிவிட்டது.

நான்கு லட்சம் கட்டினால் 25 வருஷத்துக்குத் தங்கும் செலவே இல்லை என்கிறார்களே, உண்மையா?

இல்லை. வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் ஒன்று உண்டு. ஆண்டுச் சந்தா என்பார்கள், ஏ.எஸ்.எஃப். என்பார்கள். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. விலை பேசும்போது நாம் இரண்டு லட்சமா, நான்கு லட்சமா என்றுதான் மல்லுக்கட்டுகிறோம். 25 வருஷத்தைத் தீர்மானிப்பது அந்தத் தொகை அல்ல, இந்தச் சந்தா.

என் கணக்கையே சொல்கிறேன். 2011-ல் 2,40,000 ரூபாய்க்கு வாங்கினோம். அந்த வருஷச் சந்தா 9,500. 2024-ல் 21,000. ஆண்டுக்கு ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறியிருக்கிறது. விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்று ஒப்பந்தத்தில் எழுதித்தான் இருந்தது. படித்தேன், ஆனால் பெருக்கிப் பார்க்கவில்லை. கணக்கு எழுதுகிறவள் நான். அன்றைக்கு அதைச் செய்யாமல் விட்டது இன்றும் மனதை அறுக்கிறது.

இன்று 20,000 ரூபாய் சந்தா உள்ள மெம்பர்ஷிப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 25-வது வருஷம் அது ஏறக்குறைய 81,000 ஆகும். 25 வருஷத்துக்கும் கூட்டினால் சந்தா மட்டும் சுமார் 11 லட்சம். முதலில் கட்டிய நான்கு லட்சம் இதில் சேராது.

ஹோட்டல் வாடகையும் அதே மாதிரி ஏறுமே? அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

கட்டாயம் எடுக்க வேண்டும். விற்பனையாளர்கள் சொல்வதில் வலுவான வாதம் இதுதான். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இன்றைக்கு ஒரு இரவுக்கு 6,000 ரூபாய் வாடகை உள்ள அறை. ஏழு இரவுக்கு 42,000. வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 25 வருஷத்தில் மொத்தம் 23 லட்சம். மெம்பர்ஷிப் எடுத்தால் 4 லட்சமும் சந்தா 11 லட்சமும் சேர்ந்து 15 லட்சம். எட்டு லட்சம் மிச்சம்! மேஜையில் வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். பெருக்கலிலும் கூட்டலிலும் பிழை இல்லை. விட்டுப்போனது ஒன்றுதான், அந்த நான்கு லட்சத்துக்கு வட்டி. இன்றே கையை விட்டுப் போகிற பணம் அது. வங்கியில் போட்டிருந்தால் 25 வருஷம் குட்டி போட்டிருக்கும்.

நான்கு லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டு வையுங்கள். முதல் வருஷம் அதிலிருந்து 17,900 ரூபாய் எடுங்கள். பிறகு வருஷா வருஷம் 6 சதவீதம் கூட்டிக் கூட்டி எடுங்கள். 25 வருஷ முடிவில் பணம் தீரும். ஆக, அந்த நான்கு லட்சத்தின் உண்மையான வருஷ மதிப்பு, இன்றைய விலையில், 17,900. அதோடு சந்தா 20,000 சேர்த்தால் 37,900. இதுதான் அந்த ஏழு இரவுக்கு நீங்கள் கொடுக்கும் விலை.

இதை இரவுக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். ஏழு இரவும் தங்கினால் இரவுக்கு 5,400. நான்கு இரவு மட்டும் தங்கினால் 9,500. இரண்டே இரவு என்றால் 19,000. 6,000 ரூபாய் அறையில் தங்கும் பழக்கம் உள்ள குடும்பம் வருஷத்துக்கு ஆறு இரவுக்கு மேல், ஒரு வருஷமும் விடாமல், 25 வருஷம் போனால்தான் மெம்பர்ஷிப் கட்டுப்படியாகும். 3,500 ரூபாய் அறையே போதும் என்கிற குடும்பமாக இருந்தால் பதினோரு இரவு போக வேண்டும். கையில் இருப்பதோ ஏழு இரவுதான்.

வட்டிக்கு வருமான வரி போகும், வட்டி விகிதம் மாறும், எல்லாம் உண்மை. உங்கள் எண்களைப் போட்டுச் செய்து பாருங்கள், ஒன்றிரண்டு இரவு முன்னே பின்னே வரும். அவ்வளவுதான் மாறும்.

நீங்கள் எத்தனை இரவு போனீர்கள்?

2011 முதல் 2024 வரை 14 வருஷம், 98 இரவு உரிமை. டைரியைப் புரட்டி எண்ணினேன், தங்கியது 57. சராசரியாக வருஷத்துக்கு நான்கு. கட்டிய விலையும் சந்தாவும் சேர்ந்து 4 லட்சத்து 44 ஆயிரம். வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலே இரவுக்கு 7,800 ரூபாய். அந்த 57 இரவில் பாதி, 4,000 ரூபாய்க்கு நல்ல அறை கிடைக்கக்கூடிய மாதங்களில் தங்கியது.

ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். மாமனாருக்கு ஆபரேஷன் ஒரு வருஷம். மகளுக்குப் பத்தாவது, அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு. 2020-ல் ஊரடங்கு. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் இரண்டு, சாவு ஒன்று. எல்லா வீட்டிலும் நடப்பவைதான். 25 வருஷம் என்பது ஒரு குழந்தை பிறந்து, படித்து, வேலைக்குப் போகிற காலம். அதில் எந்த வருஷம் எந்த வாரம் ஓய்வாக இருப்போம் என்று இன்றே சொல்ல யாராலும் முடியாது.

மே மாதம் அறை கிடைக்குமா?

என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். எங்களுக்கு விடுமுறை என்றால் மே மாதம், காலாண்டு அரையாண்டுத் தேர்வு விடுமுறைகள், பொங்கல். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் இதே நாட்கள்தான். ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் மே மாதத்தில் ஏரிப் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ரிசார்ட் அறை மட்டும் காலியாக இருக்குமா?

இதற்காகத்தான் சீசன் என்று பிரிக்கிறார்கள். கிளப் மஹிந்திராவில் ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் வைத்திருக்கிறார்கள். ஊதாதான் உச்சம், விலையும் அதற்குத்தான் அதிகம். நீல நிற மெம்பர்ஷிப் விலை குறைவு, ஆனால் அதை வைத்துக்கொண்டு மே மாதம் கோடைக்கானலில் அறை கேட்க முடியாது. "பிறகு மாற்றிக்கொள்ளலாம் மேடம்" என்று சொல்வதை நம்பி விலை குறைந்ததை வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். ஆசிரியர்கள், பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் இருவரும் உச்ச சீசனைத் தவிர வேறு எதை வாங்கினாலும் வீண்.

உச்ச சீசன் வாங்கினாலும் அறை உறுதி இல்லை. முன்பதிவு பல மாதத்துக்கு முன்பே திறக்கும், திறந்த கொஞ்ச நாளில் பேர்பெற்ற மலைகள் நிரம்பிவிடும். தேர்வு அட்டவணை வந்த பிறகுதான் நம் வீடுகளில் பயணப் பேச்சே எடுப்போம். 2016-ல் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. மே மாதத்துக்குக் கேட்ட மூன்று ஊரும் இல்லை என்றார்கள். எங்கேயோ தொலைவில் ஓர் ஊரைக் காட்டி இதில் இருக்கிறது என்றார்கள். ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. அந்த வருஷ இரவுகள் அப்படியே போயின.

வாங்க நினைப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவரைப் பிடித்து, அவர் செல்போனில் வரும் மே மாதம் உங்களுக்குப் பிடித்த நான்கு ஊர்களில் அறை இருக்கிறதா என்று தேடச் சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

ஏற்காட்டிலேயே ரிசார்ட் இருக்கிறதே, அங்கே அடிக்கடி போய் வரலாமே?

சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. காலையில் டிபன் முடித்துக் கிளம்பினால் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் பார்த்து, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். சேலத்துக்காரருக்கு ஏற்காட்டில் இரவு தங்க வேண்டிய அவசியமே குறைவு. தங்க ஆசைப்பட்டாலும் சனி ஞாயிறை விட்டுவிட்டு வார நாளில் போனால் காப்பித் தோட்டத்து வீடுகளும் சிறிய விடுதிகளும் நியாயமான வாடகையில் கிடைக்கும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டலும் இருக்கிறது. ஆறு இலக்கத் தொகையை முன்பணமாகக் கொடுத்து வைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. என் அப்பாவுக்கு மூட்டுவலி வந்து நீண்ட தூரம் உட்கார முடியாமல் போன பிறகு, இரண்டு முறை மலையில் மூன்று மூன்று இரவு தங்கினோம். சமையலறை உள்ள அறை. அம்மா ரசம் வைத்தாள். ஜூலை மாதம், மதியம் மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னலுக்கு வந்துவிட்டது. மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டு அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஆறு இரவையும் நான் ரூபாயில் வகுத்துப் பார்க்கவில்லை. கட்டிய பணம் வீணாகிறதே என்ற எண்ணம் இல்லாவிட்டால் அன்றைக்குக் கிளம்பியிருக்க மாட்டோம். "காசு கட்டிட்டோமேன்னு போறோம்" என்று உறுப்பினர்கள் சொல்வது உண்மையான பலன். வேலை வேலை என்று வீட்டை விட்டு நகராத குடும்பங்களுக்கு அது மதிப்புள்ளதுதான்.

அப்படியானால் யார் வாங்கலாம்?

போன ஐந்து வருஷத்தில் வருஷத்துக்கு ஆறு ஏழு இரவு வெளியூரில் சொந்தச் செலவில் தங்கியவர்கள். இனிமேல் போவோம் என்பவர்கள் அல்ல, ஏற்கெனவே போனவர்கள். விடுப்பை நினைத்த மாதத்தில் எடுக்க முடிகிறவர்கள், அதாவது சொந்தத் தொழில் செய்கிறவர்கள், பணி ஓய்வு பெற்று உடம்பு நன்றாக இருப்பவர்கள். ஆறு மாதம் முன்பே திட்டம் போட்டு முன்பதிவு செய்யும் பழக்கம் உள்ளவர்கள். முழுத் தொகையைக் கடன் இல்லாமல் கட்ட முடிந்தவர்கள்.

இந்த நான்கும் பொருந்துகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம் ஒவ்வொரு செப்டம்பரிலும் எட்டுப் பேராகக் கிளம்பிவிடும், இரண்டு அறை உள்ள வீடு எடுத்து. அவர்களுக்கு லாபம்தான்.

கடையில் கூப்பன் நிரப்பினேன், பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் வரச் சொல்கிறார்கள். போகலாமா?

பெட்ரோல் பங்க், ஜவுளிக் கடை, தியேட்டர் வாசல் என்று எங்கே பெயரும் செல்போன் எண்ணும் எழுதிப் பெட்டியில் போட்டாலும் இந்த அழைப்பு வரும். போவது குற்றமில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

ஓட்டல் ஹாலில் வட்ட மேஜைகள். பிள்ளைகளுக்கு விளையாட்டு, உங்களுக்கு டீ. நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ உங்கள் குடும்பத்தைப் பற்றி அரை மணி நேரம் விசாரிப்பார்கள். கடைசியாக எங்கே போனீர்கள், பிள்ளைக்கு என்ன ஆசை, வேலையில் எவ்வளவு அலைச்சல். அப்புறம் படங்கள். அப்புறம் அந்த வெள்ளைத் தாள் கணக்கு. வேறு மேஜையில் யாராவது சேர்ந்தால் பெயரைச் சொல்லி ஹால் முழுக்கக் கைதட்டல். இரண்டு மணி நேரம் ஆனதும் மேலாளர் வருவார். விலை குறையும். "இந்த விலை இன்னைக்கு மட்டும்தான் சார்."

இருவரையும் சேர்த்து வரச் சொல்வது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வர வழியில்லாமல் செய்வதற்குத்தான். ஆகவே வீட்டிலேயே இருவரும் பேசி முடிவெடுத்துவிடுங்கள்: இன்றைக்கு எதிலும் கையெழுத்து இல்லை. கார்டுகளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். செல்போனில் பணம் அனுப்பவும் வேண்டாம். அங்கே ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஒப்பந்தத்தின் முழு நகலைக் கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன்." 25 வருஷத்துக்கான தாளை ஒரு வாரம் படிக்கக் கேட்பது உங்கள் உரிமை. தர மறுத்தால் எழுந்துவிடுங்கள், வேறு காரணம் தேவையில்லை.

அந்த மேஜையில் பேசும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. மாத இலக்கு அவர்கள் கழுத்தில். ஆனால் அவர்கள் வாயால் சொன்னது எதுவும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அது இல்லை. "எந்த மாசமும் போகலாம்", "வேண்டாம்னா நாங்களே வித்துக் கொடுப்போம்", "சந்தா ஏறாது" என்ற மூன்றையும் நானே காதால் கேட்டிருக்கிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இலவசமாக மூன்று நாள் தங்கும் வவுச்சர் தந்தார்களே?

பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். வார நாள் மட்டும், சீசனில் இல்லை, வரி தனி, சாப்பாடு தனி, இத்தனை நாளுக்குள் என்று இருக்கும். முன்பணம் கட்டச் சொன்னால் தூக்கிப் போடுங்கள்.

மாதத் தவணையில் வாங்கலாமா?

வேண்டாம். மூன்றரை லட்சத்தை 15 சதவீத வட்டியில் 48 மாதத்தில் கட்டினால் மாதம் 9,740 ரூபாய், வட்டி மட்டும் 1,17,000-க்கு மேல். மேலே சொன்ன கணக்கு மொத்தமும் இன்னும் மோசமாகும். தவணை முடியாதவரை முன்பதிவுக்குக் கட்டுப்பாடு வைக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. சுற்றுலாவுக்குக் கடன் வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை, அது என் சொந்தக் கருத்து.

வருமான வரியில் கழிவு உண்டா? 80சி-யில் காட்டலாமா?

இல்லை. காட்ட முடியாது.

இது சொத்துதானே, பிள்ளைகளுக்குப் போகுமே? விற்கலாமே?

நியமனதாரருக்கு மாற்றித் தரும் விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. மாறுவது உரிமை மட்டுமல்ல, சந்தாவும் சேர்ந்தே மாறும். பிள்ளை பெங்களூரிலோ வெளிநாட்டிலோ வேலையில் இருந்தால் அவனுக்கு இது வேண்டுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

விற்பது கடினம். பழைய மெம்பர்ஷிப்புக்கு ஒழுங்கான சந்தை எதுவும் கிடையாது. பழைய பொருள் விற்கும் இணைய தளங்களில் கட்டிய விலையில் கால் பங்குக்குக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மேல் நிறுவனத்துக்குப் பெயர் மாற்றக் கட்டணம் கட்ட வேண்டும். மெம்பர்ஷிப் விலை ஏறும், முதலீடு என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சோடு நிறுத்திவிடலாம்.

தங்காவிட்டால் வட்டியோடு பணம் திரும்பக் கிடைக்கும் என்கிற திட்டம் பரவாயில்லையா?

அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் இப்படித்தான் அறை இரவுகளை விற்றது. தங்காதவர்களுக்குக் காலம் முடிந்ததும் கூடுதல் தொகை தருவதாகச் சொன்னது. இது சுற்றுலா அல்ல, அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று சொல்லி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2014-ல் தடை விதித்தது. 2016-ல் பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து திரட்டிய பணம் 7,000 கோடி ரூபாய்க்கு மேல். தங்கும் உரிமையை விற்பவர் தங்கும் உரிமையை மட்டும் விற்க வேண்டும். பணம் பெருகும் என்று சேர்த்துச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வெளிநாட்டு ரிசார்ட்டுகளிலும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்களே?

ஆர்.சி.ஐ. என்ற அமைப்பு 1974 முதல் இந்தப் பரிமாற்றத்தைச் செய்துவருகிறது, அது உண்மை. ஆனால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு, விமானச் செலவு நம்முடையது. இதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

கையெழுத்துப் போட்டு மூன்று நாள் ஆகிறது. மனசு ஒப்பவில்லை. என்ன செய்வது?

இன்றே செயல்படுங்கள். ஐரோப்பிய நாடுகளில் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகும் உரிமையைச் சட்டமே தருகிறது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். பெயர்பெற்ற நிறுவனங்கள் பத்து நாள் போல அவகாசம் வைத்திருக்கும். எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்று பாருங்கள்.

போனில் சொல்லி விட்டுவிடாதீர்கள். "யோசித்துச் சொல்லுங்கள் மேடம், மேலாளர் கூப்பிடுவார்" என்று பேசியே அவகாசத்தைத் தாண்ட வைத்துவிடுவார்கள். மின்னஞ்சல் அனுப்புங்கள். அதே கடிதத்தை அச்செடுத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் எண், பணம் கட்டிய தேதி, தொகை, ரத்துச் செய்கிறேன் என்ற ஒரு வரி, பணம் திரும்ப வர வேண்டிய வங்கிக் கணக்கு. கதை எழுத வேண்டாம். தவணைக்குக் கொடுத்த வங்கி ஒப்புதலையும் ரத்துச் செய்யச் சொல்லி வங்கிக்குத் தனியாக எழுதுங்கள்.

அவகாசம் தாண்டிவிட்டது. சொன்னது ஒன்று, கிடைப்பது ஒன்று. எங்கே போவது?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல விஷயங்கள் அங்கேயே பேசித் தீர்வதைப் பார்த்திருக்கிறேன். தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் "தகராறு வந்தால் நடுவர் மூலம் மட்டுமே" என்று எழுதியிருக்கிறதே என்று பயப்படுவார்கள். அப்படி ஒரு வரி இருந்தாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் போவதை அது தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு வீடு கட்டும் நிறுவனத்தின் வழக்கில் சொல்லிவிட்டது.

கையில் ஆதாரம் வேண்டும். விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், அந்த வெள்ளைத் தாள், அறை இல்லை என்று காட்டிய ஒவ்வொரு முறையும் தேதியோடு எடுத்த ஸ்கிரீன்ஷாட். இதில் கடைசியை நான் செய்யத் தவறினேன். ஐந்து முறை மறுக்கப்பட்டதற்கு என்னிடம் ஞாபகம் மட்டும்தான் இருந்தது.

சந்தா கட்டாமல் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

முன்பதிவு செய்ய முடியாது. பாக்கி சேரும், பல ஒப்பந்தங்களில் அதற்கு வட்டியும் உண்டு. சில ஒப்பந்தங்களில் இத்தனை வருஷம் கட்டாவிட்டால் மெம்பர்ஷிப் ரத்து என்று இருக்கும். பேசாமல் விட்டுவிடுவதைவிட, அந்தப் பிரிவைப் படித்து, விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

"உங்கள் பழைய மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம்" என்று போன் வந்தது...

பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., பத்திரச் செலவு என்று முன்பணம் கேட்பார்கள். கட்டினால் போனை எடுக்க மாட்டார்கள். உங்கள் உறுப்பினர் எண்ணைச் சரியாகச் சொல்கிறார்கள் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் சொல்லுங்கள், முதல் சில மணி நேரம் முக்கியம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன், விலகவும் முடியவில்லை. இனி எப்படிப் பயன்படுத்துவது?

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். ஜனவரி முதல் வாரத்தில் பள்ளி நாட்காட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, முன்பதிவு திறக்கும் நாளைக் காலண்டரில் சிவப்பில் குறித்துவிடுவேன். ஏழு இரவையும் ஒரே தடவை எடுப்பதில்லை, மூன்றும் நான்குமாகப் பிரிப்பேன். சீசன் அல்லாத மாதத்தில் ஓய்வு பெற்ற அண்ணனையும் அண்ணியையும் அனுப்புகிறேன். விருந்தினருக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்வேன். மலை ஊர் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ரத்து விதியைப் பார்த்துவிட்டே பதிவு செய்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அந்த மாதிரி நாளில் கடைசி நேரத்தில் ரத்துச் செய்தால் இரவுகள் கழிந்துவிடும்.

சமையலறை உள்ள அறை கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். ரிசார்ட்டில் நான்கு பேர் மூன்று வேளை சாப்பிட்டால் பில் அறை வாடகையைத் தொட்டுவிடும். அரிசியும் பருப்பும் புளிக்காய்ச்சலும் வீட்டிலிருந்தே போகும். "கொஞ்சம் பணம் கட்டினால் பெரிய அறைக்கு மாற்றித் தருகிறோம், காலமும் நீளும்" என்று வருஷத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். 2036-ல் முடிகிறது. அதுவரை மீதி இருக்கும் இரவுகளை எழுதி, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் மகள்தான் அதில் கோடு போடுவாள்.